தெற்கே போன சலூன்

அம்பலத்தேரியில் மணல் சிவப்பு. ஆடி பிறந்தால் மேற்கேயிருந்து வரும் காற்று அந்த மணலை ஒரு மேட்டிலிருந்து அள்ளி இன்னொரு மேட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். போன வருஷம் ஒரு பனையின் இடுப்பளவில் நின்ற மேடு இந்த வருஷம் அடுத்த பனையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருந்த பாதை காணாமல் போகும், காணாமல் போன கிணறு தலைகாட்டும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதைப் பற்றிக் கேட்டாலும் அங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள், நேத்து அங்கதான் இருந்துச்சு என்றுதான் சொல்லுவார்கள். ஆகவே டங்கன் துரை கட்டிய கல்கட்டிடம் ஓர் ஆடி மாதத்து மத்தியானம் இருந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுக் கிழக்கே போனபோது, இளம்பனைகள் நின்ற வடலிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அது நிற்கும்வரை பார்த்தார்கள், நின்றதும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

துரை, பதனீரைக் காய்ச்சிச் சீனி எடுக்கும் ஆலை வைத்திருந்தவர். ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர்கள் சாயங்காலமானால் போக இடமில்லாமல் பனைமரங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதால், ஊருக்கு வடமேற்கே மணலின் ஓரத்தில் அவர்கள் குடிப்பதற்கென்று ஒரு மண்டபம் எழுப்பினார். பர்மாத் தேக்கில் உத்தரம், கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் சுவர், நெஞ்சளவில் மட்டும் ஆடுகிற இரட்டைக் கதவு, உள்ளே ஒரு ஆள் கைகாலை நீட்டிப் படுத்தாலும் மிச்சமிருக்கும் நீள மரமேடை, அதற்குப் பின்னால் கதவளவு கண்ணாடி. முகப்பில் நீலச் சாயத்தில் ஆறு இங்கிலீஷ் எழுத்து, குடிக்கிற இடத்துக்கு அவர்கள் ஊர்ப் பெயர். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களிடம் துரையின் சமையல்காரன், துரைமாரு உட்காருத எடம் என்று சொல்லி வைத்தான்.

கட்டிடம் நடப்பதைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் அதற்குள்ளே இருந்தவர்கள்தான். தரை ஆடுவதையும் ஜன்னலில் பனைகள் ஊர்ந்துபோவதையும் அவர்கள் தாங்கள் குடித்ததின் பேரில் போட்டுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஆலைக்குப் போகிற வழி இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்து, நாளையிலிருந்து குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். குடிக்காதவரான துரை மட்டும், பின்புறம் இருந்த கிணறு முன்புறம் வந்திருப்பதைக் கவனித்து, துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கிலி வரவழைத்து, கட்டிடத்தை நாலு பாறாங்கல்லோடு பூட்டி வைத்தார். அடுத்த ஆடியில் கட்டிடம் நாலு பாறாங்கல்லையும் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு அடுத்த வருஷம் ஆலை நொடித்தது. துரை ஆலையை விற்றார், குதிரையை விற்றார், கட்டிடத்தை வாங்க ஆளில்லாததால் அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறினார். அதன் பிறகு கொஞ்ச காலம் அதில் வெள்ளாடுகள் படுத்துக் கிடந்தன. ஆடி வந்தால் ஆடுகளோடு சேர்ந்து நகர்ந்தது.

மாசானம் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது அப்போதுதான். அவர் அங்கே ஒரு கடையில் தரையில் விழுந்த முடியைக் கூட்டிப் பெருக்கி, பிறகு கத்திரி பிடித்து, பிறகு சவரக்கத்தியும் பிடித்தவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்தக் கடை வாசலில் எழுதியிருந்த ஒரே வார்த்தை. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பிழைக்க ஓர் ஊர் தேடித் தேரி மணலில் நடந்து வந்தவர், அந்த மணல் காட்டில் தனியாக நின்ற கட்டிடத்தின் நெற்றியில் அதே வார்த்தையைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தார்.

மேலத்தெருக்காரர்கள் கூடி விசாரித்தார்கள். "யாரைக் கேட்டு உள்ள போனே?"

"அய்யா, பேரே எழுதியிருக்கே" என்றார் மாசானம்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சலூன்னுதான் போட்டிருக்கு. முடி வெட்டுத கடை. டவுன்ல நானே பாத்திருக்கேன்" என்றார். துரைமார் இவ்வளவு காலமும் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து குடித்திருக்கிறார்களே என்று ஊர் சிரித்தது. சிரித்து முடித்ததும் கட்டிடத்தை மாசானத்துக்கு விட்டது. கூலி, அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல்லாகவும் கம்பாகவும். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் சொன்னார்கள்: தெற்குக் காலனியிலிருந்து யாரும் அந்தப் படியேறக் கூடாது. அவர்கள் தலையில் பட்ட கத்தி எங்கள் தலையில் படக் கூடாது. மாசானம் தலையாட்டினார். தெற்குக் காலனிக்காரர்கள் முன்பு போலவே, ஓர் உடைமரத்தின் அடியில், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கத்திரியால் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

நடக்கிற கட்டிடத்தோடு குடித்தனம் பண்ண ஊர் பழகியது. ஒரு வருஷம் அது பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றது, ஒரு வருஷம் மாவு மில்லுக்குப் பக்கத்தில், ஒரு வருஷம் பஸ் போகும் ரோட்டிலேயே குறுக்காக. டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்ததுக்கு ஒரு சவரம் பண்ணிக்கொண்டு, மணலில் வளைத்துப் போனான். அந்த வளைவு இன்றைக்கும் ரோட்டில் இருக்கிறது. மின்சாரம் வந்தபோது லைன்மேன் மற்ற வீடுகளுக்கு இழுத்த மாதிரி இழுக்காமல், ஒரு சுருள் கம்பியை மிச்சம் விட்டுக் கம்பத்தில் தொங்கப் போட்டான். பஞ்சாயத்து ஆபீசில் அது எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவின் பேரில் வரி எழுதினார்கள். யாருடைய நிலத்தில் வந்து நின்றாலும் அந்த வீட்டு ஆண்களுக்கு அந்த வருஷம் முழுக்கச் சவரம் இனாம் என்று மாசானம் தாமாக ஒரு வழக்கம் வைத்ததால், நிலத்தைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனி மாதத்தில் சிலர் தங்கள் கொல்லையைக் கூட்டிப் பெருக்கிக்கூட வைத்தார்கள். காற்று கிழக்கே அடித்தது. கட்டிடம் காற்றைக் கேட்டுப் போனதாகத் தெரியவில்லை. அது அதன் பாட்டுக்குப் போனது.

மாசானத்தின் மகள் பெயர் வடிவு. கைக்குழந்தையாக அந்தப் படியேறியவள். கண்ணாடி முன் நின்று வளர்ந்தாள், அப்பா தோல்பட்டையில் கத்தி தீட்டுகிற சத்தத்தில் தூங்கினாள், ஆடியில் கட்டிடம் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தாள். அவள் பெரியவளான வருஷம், தெற்குக் காலனியிலிருந்து கல்யாண மாப்பிள்ளை ஒருவன் புது வேட்டியோடு வந்து படிக்குக் கீழே நின்று, ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்காக மட்டும் என்று கேட்டான். மாசானம் முடியாது என்றார். அவன் திரும்பிப் போனான். அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்ததை வடிவு பார்த்தாள்.

அம்மா செத்து, அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்து, ஒரு நாள் ஒரு காதில் ரத்தம் வந்தபோது, வடிவு அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு மிச்சச் சவரத்தை முடித்தாள். ஊர் திகைத்தது. கட்டிடம் நடந்ததை ஒரே மத்தியானத்தில் ஏற்றுக்கொண்ட ஊர், ஒரு பெண்பிள்ளை ஆம்பிளை கன்னத்தைப் பிடித்துச் சவரம் செய்வதை ஏற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் திணறியது. வெட்கப்பட்டு வந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள், வீட்டில் பெண்டாட்டிமாரிடம் மாசானம்தான் செய்தார் என்று சொன்னார்கள். கடைசியில் அவள் கை அப்பா கையைவிட லேசு என்பது எல்லாக் கன்னங்களுக்கும் தெரிந்துபோனதால் பேச்சு அடங்கியது. மாசானம் செத்தார். கத்தி பிடித்த பெண்ணைக் கட்ட யாரும் வரவில்லை. வடிவு அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் கிடைத்தால் அதில் கண்ணாடியைத் துடைத்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஆடியில் கட்டிடம் தெற்கே திரும்பியது.

முதல் வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வருஷமும் அது தெற்கேதான் போனது. கீழத்தெருவைத் தாண்டி, சந்தைப்பேட்டையைத் தாண்டி, ஊர் முடிகிற புளியமரத்துக்கு அருகில் போய் நின்றது. அங்கிருந்து பார்த்தால் நடுவில் ஒரு வெறும் திடல், அதற்கு அப்பால் தெற்குக் காலனியின் முதல் வரிசைக் கூரைகள். அடுத்த ஆடியில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட யாரும் படித்திருக்க வேண்டியதில்லை.

தர்மகர்த்தா உலகநாதன் மேலத்தெருவில் பெரியவர். கோயிலும் அவர் பொறுப்பு, கட்டுப்பாடும் அவர் பொறுப்பு. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. மாசானம் கிடையாகக் கிடந்தபோது வீட்டுக் கஞ்சியை அவர்தான் கொடுத்தனுப்பினார். அவர் வடிவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேலத்தெருவிலேயே ஓடு போட்டு ஒரு கடை கட்டித் தாரோம். புதுக் கண்ணாடி, சுத்துத நாற்காலி. கட்டிடம் எங்க வேணா போவட்டும். நீ வந்திரு."

"யோசிச்சுச் சொல்லுதேன் அய்யா."

"யோசிக்க இதுல என்ன இருக்கு?"

வடிவு கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். யோசிக்க இருக்கத்தான் செய்தது. மேலத்தெரு நெல்லில்தான் அவள் அடுப்பு எரிந்தது. கீழத்தெரு மேலத்தெருவைப் பார்த்து நடக்கும். தெற்குக் காலனியில் நிலம் இல்லை, அறுவடை இல்லை; அவர்கள் கொடுக்க நினைத்தாலும் மரக்கால் இல்லை. புதுக் கடையை அவள் மனதுக்குள் கட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடை நிற்கும், இடத்தைவிட்டு அசையாது, ஜன்னலில் ஒரே சுவர் வருஷமெல்லாம் தெரியும் என்று நினைத்தபோது மூச்சு முட்டியது. அதைக் காரணமாக வெளியே சொல்ல முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனி முடியும்வரை அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மேலத்தெரு சும்மா இருக்கவில்லை. கட்டிடத்துக்குத் தெற்கே பனந்தடிகளை அடுக்கினார்கள், மணல் மூட்டை போட்டார்கள், கிடாய் வெட்டிக் கும்பிட்டார்கள். ஆடி நடுவில், காற்று எழும்பி மத்தியான வெயில் செங்கல் நிறமாக மாறிய ஒரு நாளில், உலகநாதனே நேராகக் கடைக்கு வந்தார். ஊர்ப் பெரியவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கட்டிடம் மரியாதை தெரிந்து நிற்கும் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். அவரும் அதை நம்பினார். நாற்காலியில் உட்கார்ந்து முகவாயை உயர்த்தினார்.

"சவரம் பண்ணு. பண்ணிக்கிட்டே உன் முடிவைச் சொல்லு."

வடிவு சோப்பு நுரையைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் தடவினாள். வலது கன்னத்தை மழித்தாள். இடது பக்கம் வரும்போது ஜன்னலில் புளியமரம் மெதுவாகப் பின்னால் போனது.

உலகநாதன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னட்டி, போவுதா?"

"போவுது அய்யா. ஆடாம இருங்க, கத்தி பட்டுரும்."

"நிறுத்து."

"எங்க அப்பாவாலயே முடியலை. நான் என்ன செய்ய?"

வெளியே பனந்தடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டன. கட்டிடம் அவற்றின்மேல் ஏறி, மணல் மூட்டைகளின்மேல் ஏறி, திடலில் இறங்கியது. கண்ணாடியில் உலகநாதன் தம்முடைய முகத்தையும் அதற்குப் பின்னால் ஜன்னலில் விலகிப்போகும் தம்முடைய ஊரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். உத்தரம் முனகியது. பிறகு, வண்டி நிற்பதுபோல் ஒரு சிறு குலுக்கலோடு, எல்லாம் நின்றது.

காற்றும் கொஞ்சம் தணிந்தது. இரட்டைக் கதவுக்கு மேலே தலைகள் தெரிந்தன. தெற்குக் காலனியில் அந்த நேரம் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் எல்லாரும் வந்து, கிட்டே வராமல், அரைவட்டமாக நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் பிரிந்து படிக்குக் கீழே வந்தான். உச்சிமாகாளி என்று பெயர், கொத்தனார் வேலை செய்பவன். வருஷங்களுக்கு முன் புது வேட்டியோடு வந்து நின்றுவிட்டுப் போன மாப்பிள்ளையின் தம்பி. தலையில் சுண்ணாம்பும் சிமெண்டும் படிந்து முடி சிக்காகியிருந்தது.

"தங்கச்சி, கடை தொறந்திருக்கா?"

அப்பா முடியாது என்று சொன்ன குரல் வடிவுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. அதே வார்த்தையைச் சொல்வது எவ்வளவு எளிது என்றும் தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும், அது தானாக வந்து விழுந்துவிடும்.

"தொறந்துதான் இருக்கு அண்ணே. இவுகளுக்கு ஒரு பக்கம் பாக்கி. உள்ள வந்து உட்காருங்க, முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

உலகநாதன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏல, படியில காலு வச்சிராத" என்றார். பிறகு வடிவிடம், குரலைத் தணித்து, "அவன் உள்ள வந்தா நான் எந்திரிச்சிருவேன். நான் எந்திரிச்சா மேலத்தெருவுல ஒரு வீட்டுல இருந்தும் உனக்கு ஒரு மணி நெல்லு வராது. நல்லா யோசி" என்றார்.

வடிவு கத்தியைத் துண்டில் துடைத்தாள். ஒரு பக்கம், மறு பக்கம், மறுபடி முதல் பக்கம்.

"அப்ப எந்திரிங்க அய்யா" என்றாள். "அடுத்த ஆளு நிக்காரு."

உலகநாதன் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். படியில் இறங்கும்போது உச்சிமாகாளி தானாக விலகி வழிவிட்டான். அவர் திடலைக் கடந்து, புளியமரத்தைக் கடந்து, சந்தைப்பேட்டை வழியாக, இடது கன்னத்தில் நுரையோடு ஊர் முழுக்க நடந்தார். காற்று மறுபடி எழுந்து மணலை வாரி வீச, நுரையில் மணல் ஒட்டி ஒட்டி, மேலத்தெருவில் அவர் வீட்டுப் படியேறும்போது ஒரு கன்னம் மழுமழுவென்றும் ஒரு கன்னம் செக்கச்செவேலென்றும் இருந்தது. சிரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்று பொழுது சாயும்வரை வடிவு முடி வெட்டினாள். ஆட்டுக் கத்திரி மேடும் பள்ளமுமாக வெட்டி வைத்திருந்த தலைகளைச் சமன் செய்ய வெகுநேரம் பிடித்தது. உச்சிமாகாளி முதல் ஆளாக உட்கார்ந்தான். கண்ணாடியில் முழு முகத்தையும் அவ்வளவு பெரிதாக அவன் பார்த்ததில்லை. வெட்டி முடித்த பிறகும் எழுந்திருக்காமல், தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தான். காத்திருந்தவர்கள் அவசரப்படுத்தவில்லை.

சொன்னபடியே நெல் நின்றது. அந்த அறுவடைக்கு வடிவின் குதிர் நிரம்பவில்லை. தெற்குக் காலனியில் நெல் கொடுக்க முடியாதவர்கள் விறகு கொடுத்தார்கள், கருவாடு கொடுத்தார்கள், உச்சிமாகாளி பெயர்ந்திருந்த சுவரைப் பூசிக் கொடுத்தான். இருந்தும் அந்த வருஷம் அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். சில நாட்களில் ஓடு போட்ட கடையை நினைத்து அழவும் செய்தாள்.

அந்த ஓட்டுக் கடையை மேலத்தெரு கட்டத்தான் செய்தது. வெளியூரிலிருந்து அய்யம்பெருமாள் என்ற ஒருவரைக் கூட்டி வந்து உட்கார்த்தினார்கள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர், மனைவியை இழந்தவர், வேலை சுத்தம். எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் முடிவெட்டுகிறவருக்கும் முடி வளரும், தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள அவரால் முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாதம் முடிந்ததும் அய்யம்பெருமாள் துண்டை எடுத்துக்கொண்டு திடலைக் கடந்து தெற்குக் காலனிக்குப் போய், பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்து, வடிவிடம் முடி வெட்டிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்து மேலத்தெரு கொதித்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"வேற எங்க போவ?" என்று அவர் கேட்டார். கேட்ட கையோடு கடையைக் காலி செய்யும்படி அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நேராகத் திடலைத்தான் கடந்தார். சலூனில் இரண்டாவது நாற்காலி வந்தது. கொஞ்ச நாளில் வடிவின் கழுத்தில் மஞ்சள் கயிறும் ஏறியது. கல்யாணத்துக்குத் தெற்குக் காலனி சமைத்தது.

மேலத்தெருவில் தாடி வளர்ந்தது. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் வெட்டிக்கொள்ள வசதியும் நேரமும் எல்லாருக்கும் இல்லை. யார் கேட்டாலும், திருச்செந்தூருக்கு வேண்டுதல் என்றார்கள். தெருவே வேண்டுதலில் இருந்தது. உலகநாதனின் தாடி எல்லாவற்றையும் விட நீளமாக, நெஞ்சைத் தொட்டது.

அடுத்த ஆனி வந்தபோது தெற்குக் காலனிக்கு வேறு கவலை பிடித்தது. கட்டிடம் எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. வந்தது போய்விடும், போய் மறுபடி மேலத்தெருவில் நின்றுகொண்டால்? கயிறு கொண்டு வந்தார்கள். மரத்தில் கட்டலாமா, குழி தோண்டி இறக்கலாமா என்று பேசினார்கள். பெண்கள் சிலர் சுவரில் மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். உச்சிமாகாளி வடிவிடம் வந்தான்.

"போயிருமோ தங்கச்சி?"

"போனா நானும் உள்ளதான இருப்பேன் அண்ணே. எங்க நிக்கோ, அங்க வந்து உட்காருங்க."

"மேலத்தெருவுல நின்னா?"

"அப்பவும் பெஞ்சு இதுதான்."

ஆடி பிறந்து, காற்று எழுந்து, ஒரு மத்தியானம் கட்டிடம் புறப்பட்டது. தெற்குக் காலனி முழுக்க அதன் பின்னால் நடந்தது. மேலத்தெருவிலிருந்தும் கீழத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து தூரத்தில் நின்று பார்த்தார்கள். அது வடக்கே திரும்பவில்லை, மேற்கேயும் திரும்பவில்லை. கடைசிக் கூரையையும் தாண்டி, வேலிகளைத் தாண்டி, கொல்லாம் மரங்களைத் தாண்டி, யாருக்கும் பட்டா இல்லாத வெறும் செம்மணலில், எந்தத் தெருவும் தன்னுடையது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் போய் நின்றது. லைன்மேன் புதிதாகக் கம்பம் நட்டான். பஞ்சாயத்து ஆபீசில் எந்தத் தெருவின் பேரில் வரி எழுதுவது என்று தெரியாமல், வரியே எழுதாமல் விட்டார்கள்.

அதற்குப் பிறகு அது நகரவில்லை. பல ஆடிகள் வந்துபோயின. மணல் மட்டும் நகர்ந்தது. ஏன் நின்றுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். களைத்துவிட்டது என்றார்கள், இரண்டு நாற்காலி பாரம் தாங்கவில்லை என்றார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் ஓய்ந்தது. சலூனுக்குப் போவதென்றால் இப்போது எல்லாரும் சுடுமணலில் நடந்தாக வேண்டும், மேலத்தெருக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

அவர்கள் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் காணாமல்போன மாட்டைத் தேடி வந்ததாகச் சொன்னார், தேடிக் களைத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததற்கு முடி வெட்டிக்கொண்டார். அடுத்த வாரம் இன்னும் சில மாடுகள் காணாமல் போயின. பிறகு மாடு தேட வேண்டியதில்லாமல் போனது.

உலகநாதன் கடைசியாக வந்தார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், மகன்கள் டவுனில் இருந்தார்கள், தாடிக்குள் வியர்க்குரு வந்து வெயில் காலமெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். வைகாசி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து, இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றார். ஒரு நாற்காலியில் அய்யம்பெருமாள் யாருக்கோ கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் வடிவு. பெஞ்சில் மூன்று பேர்; ஓரத்தில் உச்சிமாகாளி, கையில் அன்றைய தினசரியின் நடுத்தாள்.

"வாங்க அய்யா" என்றாள் வடிவு. "முன்னாடி மூணு பேரு இருக்காக."

உச்சிமாகாளியின் உடம்பு பாதி எழுந்தது. அவன் எழ நினைக்கவில்லை. முதுகும் முழங்காலும் தாமாகச் செய்தன. பாதியிலேயே அவனுக்கு அது தெரிந்து, அப்படியே நின்று, பிறகு உட்கார்ந்தான். பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்திருந்த தன் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். அந்த இடத்தில் ஓர் ஆள் உட்காரலாம்.

உலகநாதன் குடையை மடக்கினார். மடக்கிய குடையை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

கத்திரிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. வெளியே காற்றில்லை. அவர் சுவரைப் பார்த்தார், தரையில் கிடந்த முடியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்க்கவில்லை. தினசரியின் வெளித்தாள்களை மற்ற இருவரும் ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தொண்டையைச் செருமினார்.

"படிச்சிட்டீங்கன்னா," என்றார், உச்சிமாகாளியைப் பார்க்காமல், "அந்த நடுத்தாளக் குடுங்க."

வடிவின் கத்திரி ஒரு கணம் நின்றது. உச்சிமாகாளி தாளிலிருந்து நிமிர்ந்தான்.

"இன்னும் படிக்கலை" என்றான். "கொஞ்சம் பொறுங்க, தாரேன்."

உலகநாதன் பொறுத்திருந்தார்.